மலை உச்சியில் இறக்கிவிட்டால் இறங்கி வந்துவிடுவேனா?

கேள்வி: நான் மதுரையில் பல் மருத்துவர். வயது 38. குல்மார்க்கில் இரண்டு முறை, இரண்டிரண்டு வாரம், பனிச்சறுக்குப் பயிற்சி முடித்திருக்கிறேன். கல்லூரித் தோழிகள் மூன்று பேர் வரும் பிப்ரவரியில் அதே குல்மார்க்கில், ஹெலிகாப்டரில் ஏறி உச்சியில் இறங்கிச் சறுக்கி வரும் பயணம் ஒன்றுக்கு கைடோடு சேர்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். நான்காவது ஆள் நான். என் பயிற்சி போதுமா? என்னென்ன வாங்க வேண்டும்? ஹெலிகாப்டரில் ஏறியதே இல்லை. பனிச்சரிவை நினைத்தால் தூக்கம் வரவில்லை. இன்னொன்று, கேட்கக் கூச்சமாக இருக்கிறது: மலை மேல் பாத்ரூமுக்கு என்ன செய்வது? அம்மாவிடம் காஷ்மீர் சுற்றிப் பார்க்கப் போவதாகத்தான் சொல்லியிருக்கிறேன்.
– ஒரு வாசகி, கே.கே. நகர், மதுரை

பதில்:

வணக்கம் டாக்டரம்மா. பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்ப்போம். போகலாம். ஆனால் நேரே போய் ஹெலிகாப்டரில் ஏற வேண்டாம். தோழிகளுக்கு மூன்று நாள் முன்னதாகக் குல்மார்க் போய்விடுங்கள். ஒரு கைடை வைத்துக்கொண்டு காண்டோலா என்ற கேபிள் காரில் அஃபர்வத் மலை வரைக்கும் போய், அமுக்கிச் சீராக்கிய சறுக்குப் பாதையை விட்டு விலகி, மிதிபடாத பனியில் இரண்டு நாள் சறுக்குங்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் அந்த கைடு ‘சரி’ என்றால் ஏறுங்கள். ‘இந்த வருஷம் வேண்டாம் மேடம்’ என்றால் மிச்ச நாளைக் காண்டோலாவிலேயே கழியுங்கள், அதுவும் லேசுப்பட்ட மலை இல்லை. அப்படி ஆனால் பதிவை அடுத்த வருஷத்துக்கு மாற்ற முடியுமா, பணம் எவ்வளவு திரும்பும் என்பதை, பாக்கிப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்ல நான் யார் என்றால், உசிலம்பட்டிக்காரன். ராணுவத்தில் 22 வருஷம். அதில் ஒன்பது குளிர்காலம் குல்மார்க்கில் உள்ள ஹை ஆல்டிட்யூட் வார்ஃபேர் ஸ்கூலில், அதாவது ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளியில், சறுக்கு உஸ்தாத், பயிற்சி கொடுக்கிறவர். 1948-ல் ஸ்கீ பள்ளியாக ஆரம்பித்த இடம் அது. ஓய்வுக்குப் பிறகு ஆறு வருஷம் ஹெலிகாப்டர் குழுக்களோடு வால் கைடாகப் போனேன். முன்னால் போகிற கைடு பாதை பார்ப்பார். விழுந்தவரைத் தூக்கிவிட்டு, தொலைந்த ஸ்கீயை, காலில் மாட்டும் சறுக்குப் பலகையை, தோண்டி எடுத்து, அழுகிறவரைச் சமாதானம் செய்து கூட்டி வருவது வால் கைடு வேலை. முதல் முறை வருகிறவர்களுக்கு என்ன ஆகும் என்பதைப் பின்னாலிருந்தே பார்த்தவன் நான்.

உங்கள் நான்கு வாரப் பயிற்சியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி, இயந்திரம் வைத்து அமுக்கி ரோடு போட்ட மாதிரி ஆக்கிய சரிவில் நடந்திருக்கும். ஹெலிகாப்டர் இறக்கிவிடும் இடத்தில் முழங்கால் ஆழம், சில நாள் இடுப்பு ஆழம் பனி கிடக்கும். வறுத்துச் சலித்த இடியாப்ப மாவு ஒரு மலை அளவுக்குக் கொட்டிக் கிடக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அமுக்கிய பனியில் ஸ்கீயின் ஓரம் கடிக்கும், அந்தப் பிடியில் திரும்புவீர்கள். மாவுப் பனியில் கடிக்க ஒன்றும் இல்லை. ஒரு காலில் மட்டும் எடை போட்டால் அந்தக் கால் உள்ளே போகும், மற்றது மேலே மிதக்கும், நீங்கள் குப்புறக் கிடப்பீர்கள். இரண்டு காலிலும் சரிசமமாக எடை வைத்து, ஸ்கீ இரண்டையும் கிட்டக்கிட்ட வைத்து, ஒரு தாளத்தோடு அமுங்கி எழுந்து திரும்ப வேண்டும். பயம் வந்தால் எல்லாரும் பின்னால் சாய்வார்கள். நானும் சாய்ந்தேன். பனி என்ற ஒன்றையே இருபது வயதில்தான் பார்த்தவன், முதல் நாள் முழுக்கப் பின்னால் சாய்ந்தே இறங்கிவிட்டு, சாயங்காலம் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. எங்கள் பாரக்கில் அப்போது இந்தியன் டாய்லெட்தான். அதற்கு மேல் விவரிக்க வேண்டியதில்லை.

இன்றைக்கு உள்ள வசதி, அகல ஸ்கீ. காலடியில் 100, 110 மில்லிமீட்டர் அகலம் இருக்கும், பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். மற்றப் பாதிக்குத்தான் அந்த இரண்டு நாள்.

அந்த இரண்டு நாளில் கைடு உங்கள் அழகைப் பார்க்க மாட்டார். நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கிறீர்களா என்று பார்ப்பார். ‘எனக்கு மேலே, வலது கைப் பக்கம் நில்லுங்கள்’ என்றால் அவரைத் தாண்டி ஐந்து மீட்டர் கீழே போய் நிற்பது ஹெலிகாப்டர் மலையில் மன்னிக்க முடியாத காரியம். அந்த ஐந்து மீட்டரில் பாறை விளிம்பு இருக்கலாம். அடுத்தபடி, விழுந்தால் தானாக எழுந்திருக்கிறீர்களா என்று பார்ப்பார். மாவுப் பனியில் கையை ஊன்றினால் தோள் வரைக்கும் போய்விடும். கையில் பிடிக்கும் ஊன்றுகோல், ‘போல்’ என்போம், அது இரண்டையும் பெருக்கல் குறி மாதிரி பனி மேல் படுக்க வைத்து, குறுக்கே சேரும் இடத்தில் அழுத்தி எழ வேண்டும். ஸ்கீ கழன்று புதைந்துபோனால் நீங்கள் கிடக்கும் இடத்தில் தேடாதீர்கள். உருண்டு வந்தது நீங்கள், ஸ்கீ அங்கேயே நின்றுவிட்டது, மேலே போய்த் தோண்டுங்கள். பத்து முறை விழுந்து பத்து முறையும் கோபப்படாமல் எழுந்து வருகிறவரை நான் கண்ணை மூடிக்கொண்டு ஹெலிகாப்டரில் ஏற்றுவேன்.

பதிவுப் படிவத்தில் சறுக்குத் திறன் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் உள்ளதைப் போடுங்கள். சர்க்கரை இல்லை என்று சொல்லிவிட்டுப் பல் எடுக்க உட்காருகிற ஆளை நீங்கள் வாரம் ஒருவராவது பார்ப்பீர்கள். எங்களுக்கும் அப்படி ஆட்கள் வருவார்கள். ஒருமுறை ஒருவர் ‘எக்ஸ்பர்ட்’ என்று டிக் அடித்திருந்தார். இருபது நிமிஷத்தில் முடிய வேண்டிய முதல் இறக்கம் ஒன்றரை மணி நேரம் ஆனது. மேகம் கவிந்துவிட்டது, அன்றைக்கு அதோடு சரி. கூட வந்த மூன்று பேரின் பணமும் அந்த ஒரு டிக்கில் போனது. நல்ல மனிதர்தான், ஸ்ரீநகர் திரும்பியதும் எல்லாருக்கும் வஸ்வான் என்ற காஷ்மீர் விருந்து வாங்கிக் கொடுத்தார். உங்கள் திறன் குறைவு என்று தெரிந்தால் கைடு சரிவை மாற்றிக்கொள்வார். தெரியாவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. முழங்கால் வலி, பழைய எலும்பு முறிவு, அன்றைக்குக் காலையில் இருக்கும் பயம், இது எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

எடையையும்தான். இந்த வேலைக்கு இமயமலையில் பெரும்பாலும் வருவது ஏர்பஸ் ஹெச்125 வகை, பைலட் போக ஐந்து பேர். அதன் குடும்பத்து வண்டி ஒன்றுதான் 2005 மே 14 அன்று எவரெஸ்ட் உச்சியிலேயே இறங்கி எழுந்தது. அவ்வளவு தெம்பான வண்டிக்கும் உயரத்தில் காற்று மெலிசாக இருப்பதால் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. பூட்ஸ், பை, உடுப்போடு நிறுத்துப் பார்ப்பார்கள். ஐந்து கிலோ குறைத்துச் சொல்வது கல்யாணப் பேச்சுக்குச் சரி, இங்கே வேண்டாம்.

ஏறி இறங்கும்போது ஞாபகம் இருக்க வேண்டியது ஒன்று: பைலட்டின் கண்ணில் படும்படி முன்பக்கமாகத்தான் போக வேண்டும், அதுவும் கைடு கை காட்டிய பிறகுதான். வால் பக்கம் தலை வைத்தும் படுக்காதீர்கள். வால் விசிறி சுற்றும்போது கண்ணுக்கே தெரியாது. சரிவில் நிற்கும் வண்டிக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து போகக் கூடாது, அந்தப் பக்கம் விசிறி தலைக்குக் கிட்ட வந்துவிடும். ஸ்கீயைத் தோளில் சாய்த்துத் தூக்காமல், இடுப்புக்குக் கீழே படுக்கை வசமாகப் பிடித்துப் போக வேண்டும். தொப்பி பறந்தால் பறக்கட்டும், துரத்தாதீர்கள்.

உச்சியில் இறங்கியதும் நால்வரும் ஒட்டி மண்டியிட்டு, பையைக் காலுக்கடியில் அமுக்கி, தலையைக் குனிந்துகொள்வீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் வண்டி நிற்கும். கைடு வண்டியில் மாட்டிய கூடையிலிருந்து ஸ்கீயை எடுத்துப் பக்கத்தில் போடுவார். கட்டை விரலை உயர்த்துவார். அவ்வளவுதான், ஊசி ஊசியாகப் பனி முகத்தில் அடிக்கும், காலருக்குள் போகும், மூச்சு முட்டும். பத்து விநாடி. வண்டி மூக்கைச் சாய்த்துப் பள்ளத்தாக்கில் விழுந்த மாதிரி இறங்கிப் போய்விடும். சத்தம் தேய்ந்துகொண்டே போய் நின்றுவிடும். அப்புறம் ஒரு அமைதி வரும் பாருங்கள். அழகர் மலை ஏறிய மறுநாள் மாசி வீதியில்கூட அப்படி ஒரு அமைதி கிடையாது. நிறையப் பேருக்கு அந்த நேரத்தில்தான் ‘இனி இறங்குவதற்கு வேறு வழியில்லை’ என்று உறைக்கும். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், கண்ணாடியை மட்டும் கழற்றாதீர்கள். உள்ளே ஈரம் பட்டால் நாள் முழுக்கப் பார்வை மங்கும்.

இனிப் பனிச்சரிவு. தூக்கம் கொஞ்சம் கெடுவது நல்லதுதான். 2010 பிப்ரவரி 8 அன்று எங்கள் பள்ளியின் பயிற்சிக்குழு மேலேயே, குல்மார்க் பக்கத்துக் கிலன்மார்க்கில் பனிச்சரிவு விழுந்து பதினைந்து பேருக்கு மேல் இறந்துபோனார்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத்தில் போலந்து நாட்டுக்காரர்கள் இரண்டு பேர். எல்லாம் கைடு பார்த்துக்கொள்வார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆபத்தைக் குறைக்க முடியும், அவராலும் இல்லாமல் ஆக்க முடியாது.

எப்படி நடக்கிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பலகையில் கொஞ்சம் சீனியைப் பரப்பி, மேலே ஒரு டைல்ஸ் துண்டை வைத்து, பலகையின் ஒரு முனையைப் பையப் பையத் தூக்குங்கள். ஒரு கட்டம் வரைக்கும் அசையாது. அதற்கு மேல் மொத்தமாக வழுக்கிக்கொண்டு போகும். மலையில், சீசன் ஆரம்பத்தில் விழுந்த பனி குளிரில் கிடந்து கிடந்து அந்தச் சீனி மாதிரிப் பொலபொலத்துப் போயிருக்கும். அதன் மேல் புதுப் பனியைக் காற்று அடித்து அடித்துப் பலகையாக இறுக்கிவிடும். ஒரு ஆள் எடை பட்டால் போதும். பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சரிவில்தான் இது நடக்கும். சறுக்க ஆசை வருவதும் அதே சரிவில்தான், அதுதான் கொடுமை. மாட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் விஷயத்தில் பனிச்சரிவைக் கிளப்பியது அவரே, அல்லது கூட வந்தவர். அதனால்தான் ஒவ்வொருவராக இறங்கச் சொல்கிறோம். ஒருவர் பத்திரமான இடத்தில் போய் நின்ற பிறகுதான் அடுத்தவர். போட்டோவுக்காக நால்வரும் சேர்ந்து இறங்குகிற பேச்சே கிடையாது.

ஆளுக்கொரு டிரான்ஸீவர் தருவார்கள், சிக்னல் அனுப்பவும் பிடிக்கவும் செய்கிற சின்னக் கருவி. உள் உடுப்புக்கு மேல், ஜாக்கெட்டுக்குள் கட்டிக்கொள்வது. உலகம் முழுக்க ஒரே அலைவரிசை, 457 கிலோஹெர்ட்ஸ். சாதாரணமாக சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்தால் மற்ற எல்லாரும் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். காப்பாற்ற ஹெலிகாப்டர் வரும் என்று நினைக்காதீர்கள். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, அதற்கப்புறம் அது மளமளவென்று சரியும். அந்த நிமிஷங்களில் பக்கத்தில் இருப்பது உங்கள் தோழிகள் மட்டும்தான். புதைந்தது கைடாகவே இருந்தால்?

ஆகையால் தேடிப் பழகுங்கள். இதைத்தான் அகல ஸ்கீயைவிட, விலை உயர்ந்த ஜாக்கெட்டைவிட முக்கியம் என்று சொல்வேன். கருவி அம்புக்குறியும் மீட்டர் எண்ணும் காட்டும். அது நேர்கோட்டில் அழைத்துப் போகாது, வளைவாக இழுக்கும். புதிதாகத் தேடுகிறவர்கள் பதறிப்போய்க் குறுக்கே ஓடி எண்ணைத் தொலைப்பார்கள். மூன்று மீட்டர் என்று வந்ததும் குனிந்து, பனியோடு ஒட்டி, பைய நகர்த்தி எண் ஆகக் குறைவாக வரும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து ப்ரோப் என்ற நீளத் தேடுகம்பியைச் சரிவுக்குச் செங்குத்தாகக் குத்தி, ஒரு சாண் தள்ளித் தள்ளி வட்டமாகச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். ஆள் மேல் பட்டால் கைக்குத் தெரியும். பட்டதும் கம்பியைப் பிடுங்காமல் விட்டுவிட்டு, கீழ்ச்சரிவுப் பக்கம் நின்று தோண்ட வேண்டும். தேடுவதைவிடத் தோண்டுவதுதான் நேரத்தைத் தின்னும். தேடும்போது செல்போனை அணைத்துவிடுங்கள், டிரான்ஸீவரைக் குழப்பும்.

போன வருஷம் இரண்டு பையன்களுக்கு இதைச் சோழவந்தான் பக்கம் வைகை மணலில் வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். டிரான்ஸீவரை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மணலில் புதைத்துவிட்டு, ‘பனியில் ஆள் மாட்டிக்கிட்டார், கிளம்பு’ என்றேன். முதல் தடவை பதினெட்டு நிமிஷம். ஆறாவது தடவை ஐந்து. இதற்குள் ஆடு மேய்க்கிறவர்கள், குளிக்க வந்தவர்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. ஒரு பெரியவர் கிட்ட வந்து, ‘கீழடி ஆபீசருங்களா தம்பி?’ என்று கேட்டார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மதுரை கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் சொச்சம், குல்மார்க் 2,650. ஹெலிகாப்டர் சில நிமிஷத்தில் 4,000-க்கு மேல் தூக்கிப் போய்விடும். மூன்று நாள் முன்னால் போகச் சொன்னதற்கு இதுவும் காரணம். தலைவலி, வாந்தி வந்தால் மறைக்காதீர்கள். உயரத்து உபாதைக்கான டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்று உங்கள் பிசிஷியனிடம் கேளுங்கள். கால்களுக்கு இப்போதிருந்தே கீழக்குயில்குடி சமணர் மலை போதும். வாரம் மூன்று நாள் ஏறுங்கள், ஆனால் ஏறுவதைக் கணக்கில் வைக்காதீர்கள். இறங்குவதுதான் பயிற்சி. பைய, முழங்கால் மடங்கி, தொடை எரிய எரிய இறங்குங்கள்.

வாங்க வேண்டியது அதிகம் இல்லை. ஸ்கீ, போல், டிரான்ஸீவர், மண்வெட்டி, கம்பி எல்லாம் அங்கே வாடகைக்கோ இலவசமாகவோ கிடைக்கும், காற்றுப்பை உள்ள முதுகுப்பையும்கூடச் சில இடங்களில் தருவார்கள். சொந்தமாக வாங்கினால் பூட்ஸ் மட்டும் வாங்குங்கள், வாடகை பூட்ஸ் பாதி நாளில் பாதத்தைக் கொன்றுவிடும். பருத்தி உடுப்பு உள்ளே எதுவும் வேண்டாம், வியர்வையைக் குடித்துக் குளிரைக் கொண்டுவரும். கையுறை இரண்டு ஜோடி. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம். வானிலை மோசமானால் வண்டி பறக்காது. நான்கு நாள் பயணத்தில் இரண்டு நாள் அறையில் உட்கார்ந்து கேரம் ஆடியவர்கள் உண்டு. பறக்காத நாளுக்குப் பணம் திரும்புமா, கட்டணம் நாள் கணக்கா, இறக்கக் கணக்கா, பறந்த நிமிஷக் கணக்கா என்று கேளுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் இது வராது. ஹெலிகாப்டர் சறுக்கு என்று பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்களா என்று பாலிசியைப் படியுங்கள். கைடின் சான்று என்ன, அந்த மலையில் எத்தனை குளிர்காலம் இருந்தார், அடிபட்டால் ஸ்ரீநகர் ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுபோவார்கள் என்றும் கேளுங்கள். பக்கத்துக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அவர்களும் கூட்டிப்போக ஆள் இருந்த பயணத்தில்தான் போனார்கள். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிற ஏற்பாட்டாளர் வேண்டாம்.

பாத்ரூம் விஷயத்தில் கூச்சமே வேண்டாம், எல்லாக் குழுவிலும் வரும் கேள்விதான். கைடிடம் நேராகச் சொல்லுங்கள். பத்திரமான ஒரு இடத்தைக் காட்டிவிட்டு மற்றவர்களோடு கொஞ்சம் கீழே போய்த் திரும்பி நிற்பார். அவர் காட்டிய இடத்தை விட்டு மறைவு தேடிப் போகாதீர்கள். ஸ்கீயையும் கழற்றாதீர்கள், கழற்றினால் இடுப்பு வரைக்கும் புதைந்துவிடுவீர்கள். அப்புறம் ஆள் வந்து தூக்க வேண்டும், அதுதான் நிஜமான கூச்சம். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள், உயரத்தில் தலைவலியைக் கூட்டும்.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். படிவத்தில் அவசரத்துக்கு யாருடைய நம்பர் என்று கேட்பார்கள். ஏதாவது ஒன்று என்றால் முன்பின் தெரியாத ஒருவர் ஹிந்தியில் கூப்பிடுவார். ஹெலிகாப்டர் என்ற வார்த்தையை அம்மா முதல் முறையாகக் கேட்பது அந்த போனில் இருக்கக் கூடாது.

ஜனவரியில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு சோழவந்தான் வந்தால், ஆற்றில் தண்ணீர் இல்லாத பட்சத்தில் மணலில் பழகலாம். டிரான்ஸீவர் இரண்டு என்னிடம் இருக்கிறது. மண்வெட்டி மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள், என்னுடையதைப் போன முறை கூட்டத்தில் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.